நர்ஸம்மா பதில்கள்: முதலில் அவளைத் தூங்க விடுங்கள்

(காரைக்குடி, தேவகோட்டை வட்டாரக் கிராமங்களில் சுகாதார செவிலியராக வேலை பார்த்து ஓய்வுபெற்ற நம் நர்ஸம்மா பதில் சொல்கிறார். கடிதங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

கேள்வி: எனக்கு 27 வயது. தலைப் பிரசவம். பெண் குழந்தை பிறந்து ஏழு வாரம் ஆகிறது. ஆத்தா (அம்மா) வீட்டில் இருக்கிறேன். அவுக சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார்கள். பெரிய வீடு, இருப்பது நானும் ஆத்தாவும் அப்பச்சியும் (அப்பா)தான். விளக்கு வைக்கிற நேரமானால் காரணமே இல்லாமல் அழுகை வருகிறது. எல்லோரும் சொல்கிற அந்தப் பாசம் பிள்ளையைப் பார்த்தால் எனக்கு வரவில்லை. ராத்திரி அவள் தூங்கினாலும் நான் விழித்தே கிடக்கிறேன். அவளைத் தூக்கிக்கொண்டு கிணற்றடிப் பக்கம் போகவே பயம், கைதவறி விட்டுவிடுவேனோ என்று. பகலில் படுத்தால், "பிள்ளை பெத்தவ பகல்ல தூங்கினா சீதளம்" என்று ஆத்தா எழுப்பிவிடுகிறார். "எங்க ஆயா காலத்துல ஆம்பளைக பர்மாவுக்குப் போனா மூணு வருஷம் கழிச்சுத்தான் வருவாக. அவுகல்லாம் அழுதுக்கிட்டா கெடந்தாக?" என்றும் கேட்கிறார். நான் கெட்ட தாயா?
- வாசகி, பள்ளத்தூர்

பதில்: இல்லை. அந்தக் கேள்வியை இத்தோடு ஓரமாக வையுங்கள். அதற்குப் பதில் தேடிக்கொண்டிருந்தால் இருக்கிற தூக்கமும் போய்விடும்.

பிள்ளை பெற்ற மூன்றாம் நாள், நாலாம் நாள் வாக்கில் பெரும்பாலான பெண்களுக்குக் கண்ணீர் வரும். பால் கட்டும், உடம்பெல்லாம் வலிக்கும், யாராவது "சாப்பிட்டியா?" என்று கேட்டாலே தொண்டை அடைக்கும். பத்துப் பதினைந்து நாளில் அது தானாக அடங்கிவிடும். உங்களுக்கு ஏழு வாரம் ஆகிவிட்டதே. இரண்டு வாரத்தைத் தாண்டியும் அழுகை, தூக்கமின்மை, எதிலும் பிடிப்பில்லாமை என்று இருந்தால் அது பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருக்கலாம். நம் நாட்டில் நடந்த ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்ததில் ஏறக்குறைய ஐந்து தாய்மாரில் ஒருவருக்கு இது இருக்கிறது. உங்கள் தெருவிலேயே இன்னொருத்தி இருப்பாள், சொல்லமாட்டாள்.

ஏன் சொல்லமாட்டாள் என்றால், கேட்பாரில்லை. நாங்கள் வீடு பார்க்கப் போனால் பிள்ளையை எடை போடுவோம், தையல் ஆறியிருக்கிறதா என்று பார்ப்போம், மாத்திரை அட்டையைத் திருப்பிப் பார்ப்போம். மனசு எப்படி இருக்கிறது என்று எழுத எங்கள் பதிவேட்டில் கட்டம் இருந்ததில்லை. நாமாகக் கேட்டாலும், அம்மாவோ மாமியாரோ நிலையில் சாய்ந்து நின்றுகொண்டிருப்பார்கள். "நல்லா இருக்கேன் நர்ஸம்மா" என்றுதான் பதில் வரும். அதனால் நான், "ஆச்சி, ஒரு வாய் காப்பி கிடைக்குமா?" என்று ஆரம்பிப்பேன். அவர் வளவை (நடு முற்றமும் சுற்றி அறைகளும்) தாண்டி, இரண்டாம் கட்டைத் தாண்டி அடுப்படிக்குப் போக வேண்டும். பால் காய்ந்து, டிகாக்‌ஷன் இறங்கி, டவராவோடு திரும்பி வருவதற்குள் அந்தப் பெண் அழுது முடித்து முகத்தையும் துடைத்திருப்பாள். செட்டிநாட்டு வீடு நீளமாக இருப்பதில் எனக்குக் கிடைத்த லாபம் அதுதான்.

இப்போது செய்ய வேண்டியது. முதல் மருந்து தூக்கம். ராத்திரி ஒன்பது மணிக்குப் பால் கொடுத்துவிட்டு நீங்கள் வேறு அறையில் போய்ப் படுங்கள். உங்கள் வீட்டில் அறைக்கா பஞ்சம்? ஒரு மணி வரை யாரும் கதவைத் தட்டக் கூடாது. நடுவில் பிள்ளை அழுதால், முன்பே பீய்ச்சி ஃபிரிட்ஜில் வைத்த உங்கள் பாலை வெந்நீர்க் கிண்ணத்தில் வைத்துக் குளிர் போக்கி, ஆத்தா பாலாடையில் புகட்டட்டும். பாலாடையைக் கொதிக்கிற தண்ணீரில் போட்டு எடுத்திருக்க வேண்டும், அவ்வளவுதான். முறியாமல் நாலு மணி நேரம் தூங்கினால் மறுநாள் வேறு மாதிரி இருக்கும். அப்படி இடம் கொடுத்தும் தூக்கம் வரவில்லையா? டாக்டரிடம் முதலில் சொல்ல வேண்டியது அதைத்தான்.

பகலில் தூங்கினால் சீதளம் என்பதற்கு மருத்துவத்தில் ஆதாரம் கிடையாது. தண்ணீரை அளந்து கொடுப்பதும் அப்படித்தான். பால் கொடுக்கிறவள் தாகம் தீரக் குடிக்க வேண்டும். மற்றபடி பூண்டுக் குழம்பு, லேகியம் விஷயத்தில் நான் ஆத்தாவோடு சண்டைக்கு வரவில்லை.

கிணற்றடிப் பயத்துக்கு வருகிறேன். இப்படி வேண்டாத எண்ணம் திடீரென்று வந்து மிரட்டுவது புதுத் தாய்மாரிடம் சகஜம். அதை நினைத்து நீங்கள் நடுங்குகிறீர்கள் என்றால் அது உங்கள் விருப்பம் இல்லை என்றுதான் அர்த்தம். ஆனாலும் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். செத்துப்போகலாம் என்றோ, பிள்ளையை ஏதாவது செய்துவிடலாம் என்றோ தோன்றினால் மட்டும் நாளை வரை காத்திருக்க வேண்டாம். பிள்ளையை ஆத்தா கையில் கொடுத்துவிட்டு, எதற்கு என்றும் சொல்லிவிட்டு, அப்போதே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண் இருக்கிறது. காசு கிடையாது, 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம்.

சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. உங்கள் ஊர்ப் பக்கம் மனநல மருத்துவர் எந்தக் கிழமை வருகிறார் என்று ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் சொல்வார்கள். அங்கே பத்துக் கேள்வி உள்ள ஒரு தாளை நீட்டலாம். 1987-ல் ஸ்காட்லாந்தில் உருவான எடின்பரோ கேள்வித்தாள் அது. கடந்த ஏழு நாளில் எப்படி இருந்தீர்கள் என்று மட்டும்தான் கேட்கும், ஐந்து நிமிஷ வேலை. ஆத்தாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு நிரப்பாதீர்கள். அப்புறம் ரத்தத்தில் ஹீமோகுளோபினும் தைராய்டும் பார்க்கச் சொல்லுங்கள். ரத்தசோகையும், பிரசவத்துக்குப் பின் தைராய்டு தடுமாறுவதும் இதே சோர்வைக் கொண்டுவரும். இரும்புச்சத்து மாத்திரையைப் பிள்ளை பிறந்த பிறகும் ஆறு மாதம் போட வேண்டும். பாதிப் பேர் ஆஸ்பத்திரி வாசலிலேயே நிறுத்திவிடுகிறார்கள்.

பால் கொடுக்கும்போது மனசுக்கு மாத்திரையா என்று வீட்டில் பதறுவார்கள். செர்ட்ரலின் போன்ற மாத்திரை பாலில் மிகக் குறைவாகத்தான் இறங்கும், பால் கொடுப்பவர்களுக்கு டாக்டர்கள் எழுதுவதுதான். பேசியே சரியாகிறவர்களும் உண்டு. எது என்று அவர் முடிவு செய்யட்டும்.

உங்கள் வீட்டுக்காரருக்கு ஒரு வேலை: இங்கே சாயங்காலம் ஆறு என்றால் அங்கே எட்டரை. அந்த நேரத்தில் கூப்பிடட்டும். பிள்ளையைக் காட்டு, பிள்ளையைக் காட்டு என்று இல்லாமல் உங்களோடு பேச.

இந்தப் பத்தியை ஆத்தாவிடம் வாசித்துக் காட்டுங்கள். ஆச்சி, பர்மாவுக்குப் போனவர்கள் மூன்று வருஷக் கணக்கு முடித்துத்தான் வந்தார்கள், வாஸ்தவம். அப்போது அந்த வளவில் எத்தனை பங்காளிக் குடும்பம் இருந்தது? பிள்ளை சிணுங்கினால் சின்னாத்தா தூக்குவார், அப்பத்தா காலில் போட்டுக் குளிப்பாட்டுவார், பக்கத்து அறைப் பெண் தன் பிள்ளையோடு சேர்த்து இதையும் ஆட்டுவாள். பெற்றவள் எப்போது தூங்கினாள் என்று யாரும் பார்க்கவில்லை. இன்று அதே வளவில் பூட்டுத்தான் தொங்குகிறது. அந்தக் காலத்துப் பெண்கள் அழவில்லை என்று உங்களுக்கு யார் சொன்னது? ரங்கூனுக்குப் போன கடுதாசியில் அதையெல்லாம் எழுத மாட்டார்கள்.

கேள்வி: தம்பி மனைவிக்குக் குழந்தை பிறந்து பத்து நாள். மூன்று நாளாகக் கண் மூடவில்லை. "இது என் பிள்ளை இல்லை, மாத்தி வச்சிட்டாங்க" என்கிறாள். தானாகப் பேசுகிறாள், சிரிக்கிறாள். காத்து கருப்பு என்று மந்திரிக்கக் கூட்டிப் போகச் சொல்கிறார்கள். போகலாமா?
- வாசகர், தேவகோட்டை

பதில்: இந்தக் கடிதத்துக்கு வந்த அன்றே போனில் பதில் சொல்லியாகிவிட்டது. அந்தப் பெண் ஆஸ்பத்திரியில் சேர்ந்து தேறிவருகிறார். அவர்கள் சம்மதத்தோடுதான் அச்சில் போடுகிறோம்.

இதற்குப் பிரசவத்துக்குப் பிந்தைய மனப்பிறழ்வு என்று பெயர். ஆயிரம் பிரசவத்தில் ஒன்று, இரண்டு பேருக்கு இப்படி வரும், பெரும்பாலும் முதல் இரண்டு வாரத்துக்குள். ஜன்னி, வலிப்பு மாதிரி இதுவும் அவசரம். 108-ஐக் கூப்பிடுங்கள். தாயையும் பிள்ளையையும் தனியாக விடாதீர்கள். "இது உன் பிள்ளைதான்" என்று வாதாடாதீர்கள். அவளுக்கு அப்படித்தான் தெரிகிறது. முறையாகப் பார்த்தால் நன்றாகத் தேறிவிடுகிற நோய் இது. அடுத்த பிரசவத்திலும் வர வாய்ப்பு அதிகம் என்பதால் அப்போது டாக்டரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும்.

சாமி கும்பிட வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து கும்பிடுங்கள். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநோயாளிகள் காப்பகத்தின் கொட்டகை தீப்பிடித்து, சங்கிலியில் கட்டியிருந்ததால் ஓட முடியாமல் 28 பேர் இறந்தது நமக்குப் பக்கத்து மாவட்டத்தில்தான்.

கேள்வி: காரைக்குடியில் கடை வைத்திருக்கிறேன். வயது 44. கடையை அடைத்து வீட்டுக்குள் நுழைந்தாலே எரிச்சல். பையன் பத்தாம் வகுப்பு. கணக்கில் மார்க் குறைந்ததற்குப் போன வாரம் கை நீட்டிவிட்டேன். அதிலிருந்து அவன் பேசவில்லை. நான் மன்னிப்புக் கேட்டால் அப்பன் என்ற மரியாதை இருக்குமா?
- வாசகர், காரைக்குடி

பதில்: கேளுங்கள். இன்றைக்கே. "அடிச்சது தப்புப்பா" என்பதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். "ஆனா நீயும்…" என்று அடுத்த வரி வந்தால் கேட்டதெல்லாம் வீண். மரியாதை அடியில்தான் இருக்கிறது என்றால் அது இருந்து என்ன, போய் என்ன?

அப்புறம் உங்களைப் பற்றி ஒரு வரிகூட எழுதவில்லையே ஐயா. மத்தியானம் எத்தனை மணிக்குச் சாப்பிடுகிறீர்கள்? பிரஷர், சர்க்கரை கடைசியாக எப்போது பார்த்தீர்கள்? ராத்திரி தூங்குவதற்கு ஏதாவது 'போட்டுக்கொள்கிற' பழக்கம் உண்டா? ஆண்களுக்கு மனச்சோர்வு வந்தால் அழுகையாக வராமல் பல நேரம் எரிச்சலாக, கத்தலாக, குடியாகத்தான் வெளியே வரும். கடைக்காரருக்குக் கடன் வேறு இருக்கும். நாள் முழுவதும் வாடிக்கையாளரிடம் சிரித்துச் சிரித்து, மிச்சம் இருக்கிற முகத்தை வீட்டுக்குக் கொண்டுபோகிறீர்கள்.

கடைக்கும் வீட்டுக்கும் நடுவில் பத்து நிமிஷம் இடைவெளி விடுங்கள். வழியில் ஏதாவது ஊருணிக் கரையில் வண்டியை நிறுத்தி உட்காருங்கள். போனை எடுக்க வேண்டாம். வீட்டுக்குப் போன அரை மணி நேரத்துக்குப் படிப்புப் பேச்சே கூடாது. சாப்பிட்ட பிறகு பேசலாம். பத்தாம் வகுப்பில் ஒரு பாடம் போனாலும் அதே வருஷம் துணைத் தேர்வு எழுதலாம். பையனுக்கு இது தெரியும், ஆனால் உங்கள் வாயால் கேட்க வேண்டும். இரண்டு வாரம் கழித்தும் எரிச்சல் குறையாவிட்டால் மேலே சொன்ன 14416 உங்களுக்கும்தான்.

கேள்வி: 67 வயது. மகனும் மருமகளும் சென்னையில் வேலை பார்க்கிறார்கள். இரண்டேகால் வயதுப் பேரன் என்னிடம் இருக்கிறான். மூட்டு வலியோடு அவன் பின்னால் ஓட முடியவில்லை. போனைக் கொடுத்தால்தான் சாப்பிடுகிறான். "த்தா" என்பதைத் தவிரப் பேச்சு இல்லை. அப்பத்தாவாக இருப்பது பாக்கியம் என்கிறார்கள். எனக்கு முடியவில்லை என்று சொன்னால் தப்பாக நினைப்பார்களோ?
- கண்டனூர் அப்பத்தா

பதில்: பேச்சு விஷயத்தைத் தள்ளிப் போடாதீர்கள். இரண்டு வயதில் "தண்ணி தா", "அம்மா வா" என்று இரண்டு சொல்லைச் சேர்த்துச் சொல்ல வேண்டும். "ஆம்பளைப் பிள்ளை மெதுவாத்தான் பேசும்" என்று அக்கம்பக்கத்தில் சொல்வதைக் கேட்டு உட்கார்ந்திருக்க வேண்டாம். முதலில் காது கேட்கிறதா என்று பரிசோதனை, பிறகு குழந்தை மருத்துவர். மாவட்ட அளவில், பிள்ளைகளின் வளர்ச்சித் தாமதத்தைக் கவனிக்கிற ஆரம்பநிலை இடையீட்டு மையம் உண்டு, அரசு மருத்துவமனையில் கேட்டால் வழி சொல்வார்கள்.

இந்த வயதில் திரை ஒரு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதற்கும் குறைந்தால் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. சோறு ஊட்டும்போது அறவே வேண்டாம். திண்ணையில் உட்கார வைத்து, போகிற ஆட்டை, வருகிற சைக்கிளைப் பேர் சொல்லிக் காட்டுங்கள். முகப்பில் தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லில் இருக்கிற பூவை ஒவ்வொன்றாகத் தொட்டுச் சொல்லுங்கள். நாலு நாள் சாப்பிட அடம் பிடிப்பான். பசித்தால் வாய் திறப்பான்.

இரண்டு வயது ஆகிவிட்டதால் அங்கன்வாடியில் சேர்க்கலாம். அவனுக்கு நாலு பிள்ளைகளோடு பேச்சு வரும், நீங்களும் அந்த நேரம் காலை நீட்டிப் படுக்கலாம். மகனிடம் முடியவில்லை என்று பொதுவாகச் சொல்லாதீர்கள், "சரிம்மா பார்த்துக்கலாம்" என்று போனை வைத்துவிடுவார். இந்தத் தேதிக்கு டாக்டரிடம் போக வேண்டும், நீ லீவு போட்டு வா என்று சொல்லுங்கள். மருமகளிடம் மட்டும் சொல்லாதீர்கள், மகனிடமும் சொல்லுங்கள். பல்லவன் ரயிலில் ஏறினால் அன்று ராத்திரிக்குள் வந்துவிடலாம், அவர் ஒன்றும் ரங்கூனில் இல்லை.

கேள்வி: ஐந்து மாதக் கைக்குழந்தை. தீபாவளிக்கு ஏழு வகைப் பலகாரமும் வீட்டில்தான் சுட வேண்டும் என்கிறார் மாமியார். அடிக்கடி தலைவலி வேறு. எப்படி மறுப்பது?
- வாசகி, கோட்டையூர்

பதில்: தலைவலிக்கு முதலில் பிரஷர் பாருங்கள். கர்ப்பத்தில் பிரஷர் இருந்ததா என்று எழுதவில்லை. இருந்திருந்தால் இந்த வாரமே பாருங்கள். கண் மங்கினாலோ வாந்தி வந்தாலோ அன்றைக்கே போங்கள்.

பலகாரத்துக்கு வருவோம். நகரத்தார் வீடுகளில் கல்யாணமான மகனை 'வேறு வைக்கிற' வழக்கம் உண்டு. ஒரே கூரை, தனித்தனி அடுப்பு. மாமியார் மருமகள் சங்கடத்தை இவ்வளவு தெளிவாக யோசித்த ஆட்கள் பலகாரச் சட்டியை மட்டும் எப்படிப் பொதுவில் விட்டார்களோ தெரியவில்லை.

மறுக்காதீர்கள், பங்கு போடுங்கள். அதிரசப் பாகுக்குப் பதம் பார்க்க மாமியாரைத் தவிர யாரால் முடியும் என்று சொல்லி அவரை உட்கார வையுங்கள். தேன்குழல் பிழியக் கைபலம் வேண்டும், அது உங்கள் வீட்டுக்காரர் வேலை. மனகோலம், சீப்புச்சீடை எல்லாம் காரைக்குடியில் ஆர்டர் எடுத்து வெளிநாட்டுக்கே பார்சல் அனுப்புகிறார்கள், கோட்டையூருக்கு அனுப்ப மாட்டார்களா? வாங்கியதை எந்தத் தட்டில் அடுக்கினால் வீட்டில் சுட்டது போலவே இருக்கும் என்பதைத் தனியாக எழுதிக் கேளுங்கள், இங்கே அச்சில் போட்டால் உங்கள் மாமியாரும் படிப்பார்.