"ஆரம்பிச்சுட்டீங்களாப்பா" என்கிறான் மகன்

வணக்கம் மேடம். எனக்கு வயது 46. திருப்பூரில் பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருக்கிறேன். மகன் ஒன்பதாவது, மகள் ஆறாவது படிக்கிறார்கள். அப்பா இல்லாமல் வளர்ந்தவன் நான். பள்ளிக்கூடத்துச் சத்துணவுதான் பல நாள் எனக்கு ஒரே வேளைச் சாப்பாடு. எட்டாவதோடு படிப்பு நின்று, வேலைக்கு வந்துவிட்டேன்.

காசின் அருமை தெரிய வேண்டும், கடன் வாங்கக் கூடாது, எதையும் வீணாக்கக் கூடாது. இதை மட்டும் பிள்ளைகள் கற்றுக்கொண்டால் போதும் எனக்கு. ஆனால் பழைய கதையை எடுத்தாலே மகன், "ஆரம்பிச்சுட்டீங்களாப்பா" என்று தட்டோடு எழுந்து போய்விடுகிறான். இருக்கிற போன் நன்றாக இருக்கும்போதே புதுசு வேண்டுமாம், தவணையில் வாங்கலாமாம். மனசே விட்டுப்போகிறது. எப்படிப் புரியவைப்பது?

- வாசகர், திருப்பூர்

அன்புச் சகோதரருக்கு,

உங்கள் கதை பிள்ளைகளுக்குத் தெரியவே வேண்டும். ஆனால் அது எப்போது வெளியே வருகிறது என்று பாருங்கள். சோறு மிச்சமாகும்போது, இல்லையென்றால் அவன் ஏதாவது கேட்கும்போது. அந்த நேரத்தில் அவன் காதில் அது வசவாகத்தான் விழும். அவன் எதுவும் கேட்காத ஒரு நாளில், சத்துணவில் முட்டை போட்டால் எப்படி இருந்தது என்று சும்மா சொல்லிப் பாருங்கள். அடுத்த கேள்வி மகளிடமிருந்தாவது வரும்.

1961இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆல்பர்ட் பண்டூரா குழுவினர் ஒரு சோதனை செய்தார்கள். பெரியவர் ஒருவர் காற்றடைத்த பொம்மையை அடிப்பதைச் சிறு பிள்ளைகள் பார்த்தார்கள். பிறகு பொம்மை கைக்குக் கிடைத்ததும் பலர் அதே மாதிரி அடித்தார்கள், அதே வார்த்தைகளைச் சொன்னார்கள். யாரும் அவர்களை அடிக்கச் சொல்லவில்லை. அது அடிதடியைப் பற்றிய ஆய்வு. ஆனால் பண விஷயத்திலும் பிள்ளைகள் நம் கையைத்தான் பார்க்கிறார்கள் என்பது நான் தினமும் காண்பது.

உங்கள் கையில் அருமையான பாடம் இருக்கிறதே! முன்பாகத்துக்கும் பின்பாகத்துக்கும் நடுவே கைப்பாகத்தை நெருக்கி வைத்து, துணி வீணாகாமல் வெட்டுகிறவர் நீங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பழைய செய்தித்தாளை விரித்து, அவனையே பேட்டர்னை மாற்றி மாற்றி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். எவ்வளவு மிஞ்சுகிறது என்று அவனே அளக்கட்டும். அப்பாவின் தொழிலில் இவ்வளவு மூளை இருக்கிறதா என்று அவன் வியக்கும் நாள், நீங்கள் சொல்வதைக் கேட்கத் தொடங்கும் நாளாகவும் இருக்கும்.

அடுத்து, தீபாவளி போனஸ் வந்ததும் இரண்டு பேரையும் பக்கத்தில் உட்காரவைத்து நோட்டில் எழுதுங்கள்: வாடகை, ஸ்கூல் பீஸ், சீட்டு, புதுத்துணி. மறைக்க வேண்டாம், பெரிதாக்கவும் வேண்டாம். போன் ஆசைக்கும் உடனே 'முடியாது' என்காதீர்கள். மாதத் தவணை, வட்டி, பிராசஸிங் கட்டணம் எல்லாவற்றையும் அவனே கூட்டி, ரொக்க விலையோடு வைத்துப் பார்க்கட்டும்.

10 வயது தாண்டிய பிள்ளைகள் தபால் நிலையத்தில் தங்கள் பெயரிலேயே சேமிப்புக் கணக்கு தொடங்கி, தாங்களே நடத்தலாம். தொடங்க 500 ரூபாய் போதும். மகளுக்கும் சேர்த்தே தொடங்குங்கள். படிவத்தை அவர்களே நிரப்பட்டும். அதிலிருந்து எடுத்து ஒன்றுக்கும் உதவாத பொருளை வாங்கினாலும் தடுக்காதீர்கள். "நான் அப்பவே சொன்னேனே" என்பதை மட்டும் சொல்லாமல் இருங்கள். உங்களுக்கு அதுதான் சிரமமாக இருக்கும்.