ஒரு பாலியல் நோய் வந்து போனால் மற்றவை வராதா?

கேள்வி: எனக்கு வயது 29. புறக்கோட்டையில் மொத்த வியாபாரக் கடையொன்றில் வேலை செய்கிறேன். ஐந்து வாரங்களுக்கு முன்பு, பழக்கமான ஒரு பெண்ணுடன் ஆணுறை இல்லாமல் உறவு கொண்டேன். நான்காம் நாள் சிறுநீர் கழிக்கும்போது எரிந்தது. பிறகு சீழ் வடிந்தது. வீட்டுக்கு அருகிலுள்ள தனியார் டாக்டர் கொனோரியா என்று சொல்லி ஓர் ஊசி போட்டார். இரண்டே நாளில் எல்லாம் நின்றுவிட்டது. "ஒன்று வந்து போனால் உடம்பு பழகிவிடும், இனி எதுவும் வராது" என்கிறான் நண்பன். உண்மையா? நான்கு மாதத்தில் எனக்குத் திருமணம்.
– பெயர் வேண்டாம், கொட்டாஞ்சேனை

பதில்: தம்பி, உங்கள் நண்பர் சொன்னது தவறு. அம்மை வந்தவருக்கு மறுபடி வருவதில்லை என்று பார்த்துப் பழகியதால், நம்மவர்கள் எல்லா நோய்க்கும் அதே கணக்கைப் போடுகிறார்கள். கொனோரியாவுக்கு அந்தக் கணக்கு செல்லாது. இன்று குணமானவருக்கு அடுத்த மாதமே திரும்ப வரலாம். சிபிலிசும் அப்படித்தான்.

ஒரு பாலியல் நோய் இருக்கும்போது மற்றவை தொற்றும் ஆபத்து கூடவே செய்கிறது. முதற்காரணம் எளிது: இவை எல்லாம் வரும் வழி ஒன்றே. கொனோரியாவைத் தந்த அதே உறவில் கிளமிடியாவோ சிபிலிசோ எச்.ஐ.வி.யோ சேர்ந்தே வந்திருக்கலாம். ஆண்களிடம் கொனோரியா பெரும்பாலும் சில நாட்களில் எரிச்சலாகத் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். மற்றவை சத்தமில்லாமல் இருக்கும்.

இரண்டாவது காரணத்தைப் பலர் அறிந்திருப்பதில்லை. சிபிலிஸ், ஹெர்பீஸ் போன்றவை பிறப்புறுப்பில் புண்ணை உண்டாக்குகின்றன. தோல் கிழிந்த இடத்தில் கிருமி நுழைவது எளிது. புண்ணே தெரியாத கொனோரியாவும் கிளமிடியாவும் வேறு விதமாகக் கெடுக்கின்றன. சிறுநீர்க் குழாயின் உட்சவ்வு அழற்சியால் சிவந்து வீங்கும். நோயை எதிர்க்க வெள்ளை அணுக்கள் அங்கே திரண்டு வரும். எச்.ஐ.வி. பிடித்துக்கொள்ளத் தேடுவது அந்த வெள்ளை அணுக்களில் ஒரு வகையைத்தான். உடம்பைக் காக்க ஓடி வந்தவர்களே பகைவனுக்கு இரையாகிறார்கள். பிறப்புறுப்பு ஹெர்பீஸ் உள்ளவருக்கு எச்.ஐ.வி. தொற்றும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்கு. மறுபக்கமும் உண்டு: சிகிச்சை பெறாத எச்.ஐ.வி. உள்ளவருக்கு வேறொரு பாலியல் நோயும் சேர்ந்தால், அவருடைய விந்திலும் சுரப்புகளிலும் வைரஸ் பெருகும். அவரிடமிருந்து பிறருக்குப் போவதும் எளிதாகும்.

உங்களுக்கு ஓர் ஊசி மட்டும் போட்டதாக எழுதியிருக்கிறீர்கள். கொனோரியாவுக்கு அது போதும், கிளமிடியாவுக்குப் போதாது. அதற்கு டொக்சிசைக்கிளின் போன்ற மாத்திரையை ஏழு நாள் குடிக்க வேண்டும். அந்த ஊசியை நம்பி, சிபிலிஸ் இல்லை என்று இருந்துவிடவும் முடியாது. சிபிலிஸ் புண் பாசிப்பயறு அளவில் தொடங்கும், விளிம்பு கெட்டியாக இருக்கும், வலிக்காது. மருந்தே இல்லாமல் சில வாரங்களில் ஆறியும் விடும். ஆறுவது புண்தான், நோய் இரத்தத்தில் தங்கிவிடும்.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் இருக்கிறது. ஒருமுறை ஓர் இளம் தம்பதி என் எதிரில் இருந்தார்கள். மனைவி மூன்று மாதக் கர்ப்பிணி. வழக்கமான இரத்தப் பரிசோதனையில் சிபிலிஸ் தெரியவந்தது. கணவருக்குத் திருமணத்துக்கு முன்பு உங்களைப் போலவே சீழ் வடிந்து, ஊசியோடு நின்றிருந்தது. இரத்தத்தை அவர் பரிசோதிக்கவேயில்லை. அந்தப் பெண் பரிசோதனைத் துண்டை மடித்து மடித்து விரல் நகமளவுக்குக் கொண்டுவந்துவிட்டாள், பேசவில்லை. பென்சிலின் கொடுத்தோம், குழந்தை நலமாகப் பிறந்தது. தாயிடமிருந்து பிள்ளைக்கு எச்.ஐ.வி.யும் சிபிலிசும் பரவுவதை ஒழித்த நாடு என்று 2019இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கைக்குச் சான்று வழங்கியது, கர்ப்பிணிகளை விடாமல் பரிசோதிப்பதன் பயனாகத்தான். ஆனால் உங்களுக்கு நோய் இருக்கிறதா என்பதை மனைவியின் கர்ப்ப காலத்திலா நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும்?

இந்த வாரமே போங்கள். கொழும்பு 10, டி சேரம் பிளேஸில், தேசிய வைத்தியசாலைக்கு அருகே, தேசிய பாலியல் நோய், எயிட்ஸ் கட்டுப்பாட்டு நிகழ்ச்சித்திட்டத்தின் மத்திய சிகிச்சை நிலையம் இருக்கிறது. பணம் வாங்க மாட்டார்கள். விவரம் வெளியே போகாது. இப்போது ஒரு பரிசோதனை; உறவு நடந்த நாளிலிருந்து மூன்று மாதம் நிறைந்ததும் எச்.ஐ.வி.க்கும் சிபிலிசுக்கும் இரத்தத்தை மறுபடி பார்க்க வேண்டும். தொற்றிய புதிதில் பரிசோதனையில் அகப்படாமல் போகலாம். கணக்குப் பார்த்தால் திருமணத்துக்கு முன்பே இரண்டும் முடிந்துவிடும். அதுவரை உறவு வேண்டாம். உறவின் வழியாகவும் பரவும் கல்லீரல் நோயான ஹெப்படைட்டிஸ் பி-க்குத் தடுப்பூசி போட வேண்டுமா என்றும் அங்கே கேட்டுக்கொள்ளுங்கள்.

அந்தப் பெண்ணுக்கும் சொல்லிவிடுங்கள். பெண்களுக்குப் பெரும்பாலும் அறிகுறியே இருக்காது. கவனிக்காமல் விட்டால் கருக்குழாய் அடைபட்டுப் பிள்ளைப்பேறே பாதிக்கப்படலாம். சொல்லத் தயக்கமாக இருந்தால் சிகிச்சை நிலையத்தில் கேளுங்கள், வழி சொல்வார்கள். டாக்டர் எழுதித் தந்த மருந்துத் துண்டு கைவசம் இருந்தால் கொண்டுபோங்கள். எந்த ஊசி, எவ்வளவு என்று அவர்கள் பார்க்க வேண்டும்.