அப்பாவுக்குக் கை நடுக்கம், ஒரு எழுத்து நாலு எழுத்தாக விழுகிறது

கீபோர்டை மாற்ற வேண்டாம், பொறுங்கள். அப்பா 'க' தட்டினால் 'ககக' என்று வருகிறது, தனி கீபோர்டு வாங்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். விண்டோஸிலேயே இதற்கு வழி இருக்கிறது, காசு செலவில்லை.

விண்டோஸ் பொத்தானோடு யூ-வை அழுத்துங்கள், அக்சஸிபிலிட்டி பக்கம் திறக்கும். அதில் கீபோர்டு, அப்புறம் ஃபில்டர் கீஸ், தேவையில்லாத தட்டுகளைத் தள்ளிவிடும் வசதி அது. முதலில் அப்பா தட்டுவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள், ஏனென்றால் விரல் விசையிலேயே தங்கிவிடுவது வேறு, நடுங்கி இரண்டு மூன்று முறை படுவது வேறு. தங்கினால் ரிப்பீட் கீஸ் வேண்டும், எழுத்து திரும்பத் திரும்ப விழுவதை அது தாமதப்படுத்தும். நடுங்கிப் பட்டால் பவுன்ஸ் கீஸ், ஒரு முறை பட்டதும் அதே விசையில் உடனே மறுபடி படுவதை அது கண்டுகொள்ளாது. அரை நொடியில் ஆரம்பியுங்கள். ஸ்லோ கீஸை மட்டும் அணைத்துவிடுங்கள், அது இருந்தால் விசையை அழுத்திப் பிடித்தால்தான் எழுத்து விழும், கீபோர்டே போச்சு என்று நினைத்துவிடுவார்.

ஒரு சிக்கல் உண்டு. தமிழ்99 என்ற தட்டச்சு முறையில் 'க'வை இரண்டு முறை தட்டினால் 'க்க' வரும் இல்லையா, இனி இரண்டாவது தட்டுக்கு அந்த அரை நொடி காத்திருக்க வேண்டும். 'அக்கா' அடிக்கப் பொறுமை வேண்டும், இரண்டு நாளில் பழகிவிடும்.

ஷிஃப்டோடு இன்னொரு விசையைச் சேர்த்துப் பிடிக்கச் சிரமப்பட்டால் ஸ்டிக்கி கீஸையும் போடுங்கள், ஒன்றன்பின் ஒன்றாகத் தட்டினாலே போதும். வலது ஷிஃப்டில் கை ஊன்றும் பழக்கம் அவருக்கு இருக்கிறதா? எட்டு நொடி அழுத்தினால் ஃபில்டர் கீஸ் ஆன், ஆஃப் என்று மாறிவிடும், அந்தக் குறுக்குவழியை அதே பக்கத்தில் நிறுத்திவிடுங்கள்.