பாதிப் பட்டிமன்றம் – கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவில் அயோவா மாநிலத்தில் விவசாய இயந்திரங்கள் செய்யும் கம்பெனி ஒன்றில் இன்ஜினியராக இருக்கிறேன். ஆயிரம் பேர்கூட இல்லாத ஊர். விலை மலிவாக இருந்ததால் ஆறு வருடத்துக்கு முன்பு வீடு வாங்கிவிட்டோம். மகள் வரும் ஆகஸ்டில் பத்தாம் வகுப்புக்குப் போகிறாள். நான்கு ஊர்ப் பள்ளிகளை ஒன்றாக்கி நடுக்காட்டில் கட்டிய அரசுப் பள்ளி. சுற்றிலும் மக்காச்சோளம். அவள் வகுப்பில் நாற்பது பேர்தான். கல்லூரித் தரத்திலான ஏ.பி. பாடங்கள் இரண்டே இரண்டு. இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஒரே ஆசிரியர். மல்யுத்தப் போட்டி என்றால் ஊரே திரள்கிறது, படிப்பைப் பற்றிப் பேச ஆளில்லை. தர வரிசைத் தளத்தில் பத்துக்கு ஐந்து. மாலை நாலரைக்கு வந்தால் செல்போன்தான். போதாததற்கு, விவசாய வகுப்பில் சேர்ந்து மண்ணை வேறு கிளறிக்கொண்டிருக்கிறாள். தமிழும் மறந்துகொண்டே வருகிறது. தலைநகர் டெ மோய்ன் பக்கம் பெரிய பள்ளி இருக்கும் புறநகருக்குப் போய்விடலாம் என்கிறேன். மனைவிக்கு இஷ்டமில்லை. இப்படி ஒரு பள்ளியில் ஒரு பிள்ளைக்கு அறிவு வாழ்க்கை என்று ஒன்று அமையுமா? நீங்கள் கிராமத்துப் பள்ளியில் படித்தவர் என்பதால் கேட்கிறேன்.

எஸ்., அயோவா

அன்புள்ள எஸ்.,

எங்கள் ஊருக்கு வந்துகொண்டிருந்த மாலை பஸ்ஸை நிறுத்திவிட்டார்கள் என்று போன வாரம் தங்கை போனில் சொன்னாள். அதிலிருந்து பஸ்ஸைத் தவிர வேறு நினைப்பு இல்லாமல் இருந்தேன், அந்த நேரம் பார்த்து உங்கள் கடிதம் வந்தது. ஆகவே நீங்கள் கேட்டதைவிட நீளமாகவே எழுதப்போகிறேன். பொறுத்துக்கொள்ளுங்கள்.

சில்லறை விஷயங்களை முதலில் முடித்துவிடலாம். அந்தத் தர வரிசைத் தளத்தை மூடிவையுங்கள், வீட்டுத் தரகர்களுக்குத்தான் அது உதவும். தமிழ் மறக்கிறது என்றால் அதற்கு அயோவாவில் சோளக்காட்டு நடுவில் இருக்கும் பள்ளி என்ன செய்யும்? வீட்டில் நீங்கள் அவளோடு எந்த மொழியில் பேசுகிறீர்கள் என்று ஒரு வார்த்தை எழுதவில்லை. மல்யுத்தத்தைப் பற்றி அப்புறம் வருகிறேன்.

அந்த ‘இரண்டே இரண்டு’ என்ற சொல்தான் எனக்குச் சுருக்கென்றது. உங்கள் மகளின் பள்ளி எதற்காக உண்டானது தெரியுமா? நீங்கள் சொல்கிற அதே குறையைத் தீர்ப்பதற்காகத்தான். இருபதாம் நூற்றாண்டு பிறந்தபோது அயோவாவில் 12,000-க்கு மேல் ஓரறைப் பள்ளிகள் இருந்தன. ஒரு அறை, ஒரு அடுப்பு, ஒரு டீச்சர், எட்டு வகுப்பு. அதையெல்லாம் மூடி ஊருக்கு ஒன்றாக்கினார்கள். அதுவும் போதாது என்று நாலு ஊருக்கு ஒன்றாக்கினார்கள். 1959-இல் ஜேம்ஸ் கோனன்ட், ஹார்வர்டின் தலைவராக இருந்தவர், அமெரிக்க உயர்நிலைப் பள்ளிகளைப் பற்றி ஒரு அறிக்கை எழுதினார். கடைசி வகுப்பில் 100 பேராவது இல்லாத பள்ளியில் இயற்பியல், உயர் கணிதம், அயல்மொழி எல்லாவற்றையும் கட்டுப்படியாகும் செலவில் நடத்த முடியாது என்பது அவர் கணக்கு. ரஷ்யாவின் ஸ்புட்னிக் செயற்கைக்கோள் பறந்த பதற்றம் அடங்காத நேரம், கேட்க ஆள் இருந்தது. 1940 வாக்கில் நாடு முழுக்க 1,17,000 பள்ளி மாவட்டங்கள் (ஒரு பகுதியின் அரசுப் பள்ளிகளை நடத்தும் உள்ளூர் நிர்வாகங்கள்) இருந்தன. இன்று சுமார் 13,000. பாடப் பட்டியல் நீளவேண்டும் என்பதற்காக அத்தனை ஊர்கள் தங்கள் பள்ளிக்கூடத்தைக் கொடுத்திருக்கின்றன. இப்போது நீங்கள் போய்ப் பட்டியலைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, போதாது என்கிறீர்கள்!

அந்த ஊர்கள் எங்கே போயின என்று பள்ளிகளின் பெயரைப் பார்த்தால் தெரியும். உங்கள் மாநிலத்திலேயே ஏ.ஜி.டபிள்யூ.எஸ்.ஆர். என்று ஒரு பள்ளி. அக்லி, ஜெனிவா, வெல்ஸ்பர்க், ஸ்டீம்போட் ராக். பி.சி.எல்.யூ.டபிள்யூ. என்று இன்னொன்று. பீமன், கான்ராட், லிஸ்காம்ப், யூனியன், விட்டன். நாம் சொந்த ஊரைப் பெயருக்கு முன்னால் ஒற்றை எழுத்தாகச் சுமக்கிறோமே, அதுபோல அங்கே ஐந்து ஊர் சேர்ந்து ஒரு பள்ளிக்கு இனிஷியல் ஆகியிருக்கிறது. முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் தங்கை மகன் வீட்டில் நாலு மாதம் தங்கியிருந்தபோது (உங்கள் ஊரிலிருந்து ஒன்றரை மணி நேரம் இருக்கும்), பக்கத்து ஊரில் மூடிய பள்ளிக் கட்டடத்தைக் காட்டினான். சிவப்புச் செங்கல், வாசல் வளைவில் கட்டிய வருடம், உள்ளே யாரோ படகும் டிராக்டரும் நிறுத்தியிருந்தார்கள். அன்று என்னால் சிரிக்க முடியவில்லை.

சரி, பாடங்கள் கூடின, உண்மைதான். ஓரறைப் பள்ளியை நினைத்துக் கண்ணீர் விடுகிற ஆள் இல்லை நான். அங்கே எட்டாவதோடு படிப்பு முடிந்துபோன பிள்ளைகள் எத்தனையோ பேர். ஆனால் பாடத்தைக் கூட்டுவதற்குக் கொடுத்த விலையை யாரும் பட்டியலில் எழுதவில்லை. அந்த விலைதான் பஸ்.

அமெரிக்கப் பள்ளி பஸ் ஏன் மஞ்சள் என்று யோசித்திருக்கிறீர்களா? 1939-இல் நியூயார்க்கில், கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில், ஃபிராங்க் சைர் என்பவர் ஒரு கூட்டம் கூட்டினார். கிராமப் பள்ளிகளைப் பற்றி ஆராய்ந்தவர். மாநில அதிகாரிகளும் பஸ் கட்டுகிறவர்களும் வந்திருந்தார்கள். எலுமிச்சை மஞ்சளிலிருந்து செம்மஞ்சள் வரை வண்ணப் பட்டைகளைச் சுவரில் தொங்கவிட்டு ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள். எதற்கு அந்த மஞ்சள்? அதன் மேல் எழுதிய கறுப்பு எழுத்து விடிந்தும் விடியாத அரையிருட்டிலும் தெரியும் என்பதற்காக. பிள்ளைகள் எந்த நேரத்தில் கிளம்பப்போகிறார்கள் என்று வண்ணம் பார்த்தவர்களுக்கே தெரிந்திருக்கிறது பாருங்கள்.

ஜனவரியில் தங்கை மகன் வீட்டு ஜன்னலில் காபியோடு நின்று அந்த மஞ்சளைப் பார்த்திருக்கிறேன். மணி ஆறே முக்கால், வெளியே மைனஸ் இருபது. எதிர்ப் பண்ணை வீட்டுப் பையன் முதல் ஆளாக ஏறுவான். முதலில் ஏறுகிறவனுக்குத்தான் பயணம் நீளம், வண்டி ஊர் ஊராகச் சுற்றிக் கடைசியில்தான் பள்ளிக்குப் போகும். உங்கள் மாநிலத்தின் போக்குவரத்து விதியில் ஒரு வரி உண்டு: உயர்நிலைப் பள்ளிப் பிள்ளையை ஒரு தடவைக்கு 75 நிமிடத்துக்கு மேல் வண்டியில் வைத்திருக்கக் கூடாது. எழுபத்தைந்து! போக வர இரண்டரை மணி நேரம் வரைக்கும் தப்பில்லை என்று அர்த்தம். மேற்கு வர்ஜீனியாவில் 1990-க்குப் பிறகு 300-க்கு மேல் பள்ளிகளை மூடினார்கள், அங்கே மலைப்பாதை வேறு.

ஆனால் பயண நேரம்கூடப் பெரிதில்லை. பஸ் எப்போது கிளம்புகிறது என்பதுதான் எனக்கு வலிக்கிற இடம்.

நான் ஆறாவதிலிருந்து பத்தாவது வரை படித்த பள்ளி எங்கள் ஊரிலிருந்து ஒன்பது மைல். கடைசி பஸ் நாலு ஐம்பது. வெள்ளிக்கிழமை கடைசி இரண்டு பீரியடுக்கு இலக்கிய மன்றம். மாதம் ஒரு பட்டிமன்றம் உண்டு, நாலரைக்கு மேலேதான் சூடு பிடிக்கும். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் ஏழு பேர், நாலரைக்குப் பையைத் தூக்கிக்கொண்டு குனிந்து குனிந்து பின்வாசல் வழியாக வெளியேறுவோம். ஐந்து வருடத்தில் நான் ஒரு பட்டிமன்றத்தின் தீர்ப்பும் கேட்டதில்லை. கண்ணகியா மாதவியா, கர்ணனா கும்பகர்ணனா, எல்லாமே எனக்குப் பாதியில் நிற்கிறது. பேசவும் ஆசை இருந்தது. ஆனால் மன்றச் செயலாளர் ஐயா பெயர் எழுதும்போது ‘பஸ் பையனா, வேண்டாம்ப்பா, நடுவுல எழுந்து போயிடுவே’ என்பார். அவரைத் திட்டமுடியாது, உண்மையைத்தான் சொன்னார்.

பத்தாவது படிக்கும்போது ஒரு ஐப்பசி மழையில் ஓடை நிரம்பி பஸ் வரவில்லை. அன்றுதான் கடைசிவரை உட்கார்ந்திருந்தேன். நடுவர் எழுந்து கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, இரண்டு அணியும் சொன்னது சரிதான் என்று தீர்ப்பு சொன்னார். இதற்கா ஐந்து வருடம் ஏங்கினோம் என்று இருந்தது. ஆனால் அதற்குப் பிறகு நடந்ததுதான் விஷயம். மன்றம் கலைந்ததும் ஆசிரியர்களும் பேசிய பிள்ளைகளும் வராண்டாவில் நின்று தீர்ப்பைப் போட்டுக் கிழித்தார்கள். அறிவியல் வாத்தியார் கம்பன் பாட்டைச் சொல்கிறார், ஒன்பதாவது படிக்கிற பெண் ஒருத்தி தமிழையாவையே மடக்குகிறாள். இப்படி ஒன்று எங்கள் பள்ளியில் நடக்கிறது என்பதே அதுவரை எனக்குத் தெரியாது. நாலரைக்குப் பிறகு அது வேறு பள்ளிக்கூடமாக இருந்திருக்கிறது. அன்று இரவு தமிழையா வீட்டுத் திண்ணையில் படுத்தேன், தூக்கம் வரவில்லை.

அறிவு வாழ்க்கை அமையுமா என்று கேட்டீர்கள். அது மூன்று மணி மணியடித்த பிறகுதான் ஐயா அமையும். அயோவாப் பள்ளிகளில் பேச்சுப் போட்டி எத்தனை பெரிய விஷயம் என்று உங்களுக்குத் தெரியுமா? மாநில அளவில் அதற்கென்று தனிச் சங்கமே இருக்கிறது. நாடகம், இசைக்குழு, இயற்பியல் வாத்தியாரோடு ஆய்வுக்கூடத்தில் சும்மா உட்கார்ந்திருப்பது, எல்லாம் பஸ் போன பிறகு. உங்கள் மகள் நாலரைக்கு வீட்டில் செல்போனோடு இருக்கிறாள் என்றால் அது பள்ளியின் குணமில்லை, பஸ்ஸின் குணம். டீசல் காசுக்குக் கணக்குப் பார்த்து ஒரே ஒரு வண்டி விடுகிறார்கள். நீங்கள் ஆறு வருடத்தில் ஒரு நாளாவது ஐந்தரைக்குப் போய் அவளைக் கூட்டிவந்தீர்களா? கடிதத்தில் இல்லை. வாரத்தில் இரண்டு நாள் தாமதமாக ஒரு பஸ் விடுங்கள் என்று யாரிடமாவது கேட்டீர்களா? அதுவும் இல்லை.

கேட்க இடம் இருக்கிறது. அங்கே ஸ்கூல் போர்டு என்பது உங்களைப் போன்ற ஊர்க்காரர்கள் ஓட்டுப் போட்டு வருகிற ஏற்பாடு. தங்கை மகனோடு ஒரு கூட்டத்துக்குப் போனேன். பள்ளி நூலகத்தில் நடந்தது. உறுப்பினர்கள் ஐந்து பேர், பார்க்க வந்தவர்கள் எங்களையும் சேர்த்து நாலு பேர். சமையலறைக் கூரை ஒழுகுவதைப் பற்றி அரைமணி நேரம் பேசினார்கள். பொதுமக்கள் பேச மூன்று நிமிடம் கொடுத்தார்கள். எண்ணெய்க் கறை படிந்த தொப்பியோடு ஒரு பண்ணைக்காரர் எழுந்து, பிரெஞ்சு டீச்சர் போனபிறகு ஆள் போடவில்லையே என்றார். அவருக்குப் பள்ளி வயதில் பிள்ளையே இல்லையாம்! அவர் கேட்கிறார், இன்ஜினியரான நீங்கள் கேட்கமாட்டீர்கள், வீட்டை மாற்றிக்கொண்டு போவீர்கள். நம் ஆட்களுக்கு எங்கே போனாலும் பள்ளிக்கூடம் என்றால் ஃபீஸ் கட்டுகிற இடம், இல்லாவிட்டால் குறை சொல்கிற இடம். கோபத்தில் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன், இருக்கட்டும்.

ஏ.பி. பாடமும் அவ்வளவு பெரிய முட்டுக்கட்டை இல்லை. சமூகக் கல்லூரி (இரண்டு வருடப் படிப்பு தரும் உள்ளூர்க் கல்லூரி) பாடங்களைப் பள்ளியில் இருந்தபடியே கட்டணமில்லாமல் எடுக்க 2008-இலிருந்தே உங்கள் மாநிலத்தில் சட்டம் இருக்கிறது. பள்ளி ஆலோசகரிடம் கேளுங்கள், தெரிந்துவிடும்.

அப்புறம் அந்த மண். தங்கை மகனின் பையன், எனக்குப் பேரன் முறை, அவனும் பள்ளியில் அந்த விவசாய வகுப்பில்தான் இருக்கிறான். ஒரு நாள் ஜிப் போட்ட கவரில் மண் கொண்டுவந்து சமையலறை மேடையில் கொட்டினான். காப்பித்தூள் போலக் கறுப்பு. தண்ணீர் தெளித்துப் பிசைந்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து மெல்ல மெல்ல வெளியே தள்ளச் சொன்னான். நாடா போல நீண்டு வரும். ஒரு அங்குலத்துக்குள் அறுந்தால் ஒரு வகை, இரண்டு அங்குலம் தாண்டினால் களி. விரலில் நறநறத்தால் மணல், மாவு போல வழுக்கினால் வண்டல். ‘கண்ணை மூடிக்கிட்டுப் பாருங்க தாத்தா’ என்றான். எனக்கு ஒன்றே முக்காலில் அறுந்தது. அறுபது வருடம் கரிசல்காட்டில் நடந்தவன் நான், என் மண் எத்தனை அங்குலம் நீளும் என்று எனக்குத் தெரியாது. ஊருக்குத் திரும்பி வந்ததும் முதல் வேலையாகத் தங்கை வீட்டுக் காட்டில் பிசைந்து பார்த்தேன், மூன்றைத் தாண்டியது. இதைத்தான் நீங்கள் கிளறுவது என்கிறீர்கள்.

உங்கள் மாநிலத்தின் வடக்கே கிரெஸ்கோ பக்கம் 1914-இல் ஒரு பையன் பிறந்தான். ஓரறைப் பள்ளியில் எட்டாவது வரை படித்து, கிரெஸ்கோ உயர்நிலைப் பள்ளிக்குப் போனான். அங்கே அவனை உருவாக்கியவர்களில் ஒருவர் மல்யுத்தப் பயிற்சியாளர். 1933-இல் மினசோட்டா பல்கலைக்கழக நுழைவுத் தேர்வில் அவன் தேறவில்லை. பெயர் நார்மன் போர்லாக், பசுமைப் புரட்சிக்கு வித்திட்ட கோதுமை விஞ்ஞானி. 1963-இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஏற்பாட்டில் இந்தியாவுக்கு வந்து நம் கோதுமை வயல்களைச் சுற்றிப் பார்த்தாரே, அவர்தான். 1970-இல் நோபல். மல்யுத்தக்காரர்களின் கௌரவ மண்டபத்திலும் அவர் பெயர் இருக்கிறது. ஓரறைப் பள்ளியில் படித்தால் நோபல் கிடைக்கும் என்று இதை எடுத்துக்கொள்ளாதீர்கள், அவரும் மேலே படிக்க அந்த ஓரறையை விட்டுத்தான் போகவேண்டியிருந்தது. மல்யுத்தத்தைக் கேவலமாக எழுதியதற்காகச் சொன்னேன், அவ்வளவுதான்.

வீடு மாறுவதா வேண்டாமா என்றுதானே கேட்டிருந்தீர்கள். அதை உங்கள் மனைவியிடமும் மகளிடமும் கேளுங்கள், மனைவி ஏற்கெனவே சொல்லியும் விட்டார். அதற்கு முன்னால் அந்தத் தாமத பஸ்ஸைக் கேட்டுப் பாருங்கள். கூட்டம் அநேகமாகத் திங்கட்கிழமை சாயங்காலம் இருக்கும். மூன்று நிமிடத்துக்குள் முடித்துவிடுங்கள், தாண்டினால் நிறுத்தச் சொல்லிவிடுவார்கள்.