எங்கள் ஆண்ட்ராய்டு செயலியில் காசு கட்டியதும் பயனர் பிரவுசர் டேபிலேயே நிற்கிறார், செயலிக்குத் திரும்புவதில்லை. பக்கத்தைச் செயலிக்குள்ளேயே காட்டும் வெப்வியூவுக்கு மாறிவிடலாமா?

மாறவேண்டாம். உங்கள் ஃபோனில் ஒழுங்காகத் திரும்புகிறது, பிளே ஸ்டோரில் இறக்கியவர்களுக்கு மட்டும் திரும்பவில்லை, அப்படித்தானே? அப்படியென்றால் முதலில் பார்க்கவேண்டியது கைரேகையை, அதாவது செயலியில் கையொப்பமிட்ட சாவியின் அடையாளக் குறியை. எனக்கு இது விளங்குவதற்கு ஒரு மாமியின் காசு போகவேண்டியிருந்தது.

கொழும்பு - யாழ்ப்பாணம் இரவு பஸ் ஒன்றுக்கு சீட் புக் பண்ணும் செயலி செய்தோம். காசு கட்டும் பக்கம் குரோம் கஸ்டம் டேபில், அதாவது செயலிக்கு மேலேயே வரும் பிரவுசர் டேபில், திறக்கும். கட்டி முடிந்ததும் எங்கள் டொமைனில் ஒரு முகவரிக்கு வரும். அந்த லிங்க்கை ஆண்ட்ராய்டு பிடித்துச் செயலியிடம் கொடுக்கவேண்டும். அலுவலகத்தில் ஆறு ஃபோனில் பார்த்தோம், எல்லாம் சரி. வெளியிட்ட மூன்றாம் நாள் வெள்ளவத்தையிலிருந்து மாமி எடுத்தார். "தம்பி, காசு ரெண்டு தரம் போயிட்டுது, டிக்கெட்டைக் காணேல்லை."

நேரில் போய், அவருடைய ஃபோனில் என் கார்டைப் போட்டுப் பார்த்தேன். ஓடிபி அடித்தேன். வெள்ளைப் பக்கம், நடுவில் 404. பேக் பட்டனை அமத்தினால் கார்ட் நம்பர் கேட்கும் பக்கம் மறுபடி வந்து நிற்கிறது. யார்தான் இரண்டாம் தரம் கட்டமாட்டார்கள்?

ஒரே புக்கிங்குக்கு இரண்டு தரம் காசு எடுக்காமல் சர்வரில் தடுத்திருக்கலாமே என்று கீழே எழுத யாரோ தயாராக இருப்பீர்கள். உண்மைதான், அது எங்கள் பிழை. பிறகு தடுத்தோம், மாமிக்குக் காசும் திரும்பிப் போனது. ஆனால் கேள்வி அதுவல்ல.

டொமைனின் லிங்க்குகள் எந்தச் செயலிக்கு உரியவை என்று ஆண்ட்ராய்டுக்குச் சொல்ல, டொமைனில் வைக்கும் அசெட்லிங்க்ஸ் ஃபைலில் நாங்கள் போட்டிருந்தது, பிளே ஸ்டோருக்கு ஏற்றுமுன் நாங்கள் கையொப்பமிடும் அப்லோட் சாவியின் எஸ்எச்ஏ-256 கைரேகை. பிளே ஸ்டோரோ தன்னிடமுள்ள வேறு சாவியால் கையொப்பமிட்டுத்தான் செயலியை ஃபோன்களுக்கு அனுப்புகிறது. 2021 ஆகஸ்டிலிருந்து புதிய செயலிகளுக்கு அது கட்டாயம். கைரேகை பொருந்தாவிட்டால், ஆண்ட்ராய்டு 12 முதல் எதில் திறப்பது என்று கேட்பதுகூட இல்லை, பேசாமல் பிரவுசரில் விட்டுவிடும். பிளே கன்சோலில் இருக்கும் கைரேகையையும் ஃபைலில் சேர்த்து, மாமியைச் செயலியை அழித்து மறுபடி இறக்கச் சொன்னேன். திரும்பியது.

அத்தோடு, செயலியின் முதன்மைத் திரையான மெயின் ஆக்டிவிட்டியை, ஒரே பிரதி மட்டும் திறக்கும் சிங்கிள்டாஸ்க் ஆக்குங்கள். இல்லாவிட்டால் டேபுக்கு மேலேயே செயலியின் இன்னொரு பிரதி திறந்துகொள்ளும், பேக் அமத்தினால் பழையபடி கார்ட் பக்கம்தான். வெப்வியூ போட்டால் கார்ட் நம்பரை உங்கள் செயலியே வாசிக்கலாம் என்றாகிவிடும். கூகுள் லாகின் இருந்தால் அதை வெப்வியூவில் கூகுளே விடாது.

இன்னொன்று. பயனர் தொடாமல், ஒரு பக்கம் தானாகவே அடுத்ததற்கு அனுப்பும் வெறும் ரீடைரக்டில் வந்தால் குரோம் சில வேளை செயலிக்குப் பாயாது. அதனால் அந்த 404 இருந்த இடத்தில் ஒரு பட்டன் வையுங்கள். நாங்களும் வைத்தோம். அலுவலகத்தில் தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான், ஆகவே பட்டன் முதல் விதிமுறைகள் வரை எல்லா மொழிபெயர்ப்பும் என் தலையில். அதற்குத் தனிச் சம்பளம் கிடையாது, நன்றியும் கிடையாது. ஆங்கிலச் சொல்லுக்கு அளந்து வெட்டிய பட்டனில் "செயலிக்குத் திரும்பவும்" அடங்காது என்று இரண்டு தரம் சொன்னேன், டிசைனர் கேட்கவில்லை. அடுத்த வாரம் மாமி ஸ்கிரீன்ஷாட் அனுப்பினார். பட்டனில் "செயலிக்குத் திரு..." என்று இருந்தது. கீழே அவர் கேட்டிருந்தார்: "இது ஆர் தம்பி, திரு?"