நகையை அடகு வைத்து இரண்டாவது பிக்கப் வாங்கலாமா?

கேள்வி: வயது 43. தூத்துக்குடியில் துறைமுகத்தை ஒட்டிய தனியார் நிறுவனம் ஒன்றில் மேற்பார்வையாளராக இருக்கிறேன். பிடித்தம் போக 62,000 ரூபாய் கைக்கு வருகிறது. வீட்டுக் கடன் தவணை 17,500, வீட்டுச் செலவு 24,000, பிள்ளைகள் படிப்புக்கு 6,000, மியூச்சுவல் ஃபண்டில் மாதாமாதம் போடும் எஸ்.ஐ.பி. 5,000. மகள் பதினொன்றாம் வகுப்பு, மகன் ஏழாம் வகுப்பு. வங்கியில் 1.40 லட்சம் டெபாசிட் இருக்கிறது. எனக்குப் பழைய பிக்கப் வண்டிகள் மேல் தீராத ஆசை. 2021-ல் 1994 மாடல் டாடா மொபைல் 206 ஒன்றை 1.10 லட்சத்துக்கு வாங்கினேன். சொந்த உபயோகப் பதிவு. ஞாயிற்றுக்கிழமைகளில் நானே ஸ்பேனர் பிடித்து வேலை பார்ப்பேன். இதுவரை ஒன்றரை லட்சம் செலவாகியிருக்கலாம். இப்போது அதே மாடலில் 1996 வண்டி ஒன்று 1.60 லட்சத்துக்கு வருகிறது. சரக்கு வண்டிப் பதிவு; எஃப்.சி. (தகுதிச் சான்று) முடிந்து இரண்டரை வருடம் ஆகிறது. சீர் செய்து விற்கலாம், முடியாவிட்டால் உதிரிக்கு வைத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். மனைவியின் நகையை வைத்து 2 லட்சம் வாங்கலாமா? பழைய வண்டிகளுக்கு 'வின்டேஜ்' மதிப்பு ஏறும் என்கிறார்களே, இது முதலீடுதானே? தெரிந்தவர்களுக்கு எப்போதாவது லோடு அடித்தால் 1,500, 2,000 கிடைக்கிறது. அதையும் வருமானத்தில் சேர்க்கலாமா?

பதில்: நகையை வைக்க வேண்டாம். இரண்டாவது வண்டியும் வேண்டாம். ஆனால் இருக்கிற 206-ஐ விற்றுவிடாதீர்கள். வாரம் முழுக்க உழைக்கிற மனிதருக்கு ஞாயிற்றுக்கிழமை கையில் கிரீஸ் பட உட்கார ஓர் இடம் வேண்டும். உங்கள் சம்பளம் அந்த ஒரு வண்டியைத் தாங்கும். கடனில் வரும் இன்னொரு வண்டியைத் தாங்காது. தாங்காதபோது முதலில் அடிபடுவது இப்போது ஓடிக்கொண்டிருக்கிற வண்டிதான். இதை நான் வீட்டிலேயே பார்த்தவன்.

என் அப்பா கோவில்பட்டியில் ஒரு பழைய பிக்கப் வைத்திருந்தார். உயிராக வைத்திருந்தார் என்றே சொல்லலாம். அது நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே தவணையில் இன்னொன்று எடுத்தார். அந்த வருடம் பழைய வண்டியில், இன்ஜினைக் குளிர்விக்கும் தண்ணீர் போகும் ரேடியேட்டர் ஹோஸ் உப்பிப்போய் இருந்தது. அமுக்கினால் இட்லி மாதிரி இருக்கும். மாற்ற ஆகும் காசு அதிகம் இல்லை. ஆனால் ஒவ்வொரு மாதமும் தவணை கட்டியதும் கையில் ஒன்றும் நிற்காது. 'அடுத்த மாதம் பார்ப்போம்' என்பார். எட்டயபுரம் ரோட்டில் ஒரு மதியம் ஹோஸ் வெடித்தது. ஆவியைப் பார்த்து நிறுத்துவதற்குள் சூடு ஏறிவிட்டது. மறுநாள் ஆயில் அளவு பார்க்கும் டிப் ஸ்டிக்கை உருவினால் ஆயில் பால் டீ நிறத்தில் வந்தது. இன்ஜினின் மேல்மூடியான ஹெட் வளைந்து, அதன் கீழே கசிவைத் தடுக்கும் கேஸ்கெட் போய், தண்ணீரும் ஆயிலும் கலந்திருந்தன. ஹெட்டை லேத்தில் கொடுத்து முகம் சீவி, கேஸ்கெட் மாற்றி ஏற்றுவதற்குள் நான்கு மாதத் தவணைக்கு மேல் போய்விட்டது. டார்ச் பிடித்துக்கொண்டு நின்ற எனக்கு அப்போது பதினைந்து வயது. பழைய வண்டிக்காரர் யார் கடனைப் பற்றிக் கேட்டாலும் எனக்கு அந்த ஹோஸ்தான் ஞாபகம் வரும்.

இப்போது உங்கள் கணக்கு. நீங்கள் எழுதிய செலவுகளைக் கூட்டினால் 52,500. மீதி 9,500. ஒரே தவணையில் திருப்பும் நகைக்கடனுக்கு 12 மாதம்தான் கெடு. வட்டி 9.5 சதவீதம் என்றே வைத்துக்கொண்டாலும் வருட முடிவில் 2,19,000 கட்டி நகையை மீட்க வேண்டும். 206-க்கு ஒரு சொட்டு டீசல்கூடப் போடாமல் மீதியை அப்படியே சேர்த்தாலும் 1,14,000தான் தேறும். அப்புறம் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும்: வட்டியை மட்டும் கட்டி மறுபடி அதே நகையை வைப்பீர்கள். இன்னும் ஒரு வருடம் போகும். அதற்குள் மகள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்துக் கல்லூரி வாசலில் நிற்பார். குடும்பத்துக்கு நகை உண்மையிலேயே கைகொடுக்க வேண்டிய வாரத்தில் அது பெட்டகத்தில், இன்னொருவர் சாவியில் இருக்கும். உங்கள் மனைவி இதற்கு என்ன சொன்னார் என்று நீங்கள் எழுதவில்லை. நகை அவருடையது. இந்தப் பதிலை அவரும் படிக்கட்டும்.

அந்த 1996 வண்டிக்கு வருவோம். 1.60 லட்சம் என்பது விலை மட்டும்தான். எஃப்.சி. காலாவதியான சரக்கு வண்டிக்கு, தாமதமாகும் ஒவ்வொரு நாளுக்கும் 50 ரூபாய் கூடுதல் கட்டணம் என்று 2022 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த மத்திய விதி சொல்கிறது. இரண்டரை வருடம் என்றால் ஏறத்தாழ 900 நாள், 45,000 ரூபாய். 20 ஆண்டு தாண்டிய வண்டிகளுக்கான எஃப்.சி. சோதனைக் கட்டணமும் 2025 நவம்பரில் பல மடங்கு ஏற்றப்பட்டது. மூன்றாம் நபர் காப்பீடு, 7,500 கிலோவுக்கு உட்பட்ட சரக்கு வண்டிக்கு, 2022-ல் அறிவித்த விகிதப்படி 16,049, ஜி.எஸ்.டி. தனி. சாலை வரி பாக்கியும் பசுமை வரியும் இருந்தால் அவையும் வரும். விலை, தாமதக் கட்டணம், காப்பீடு மூன்றை மட்டும் கூட்டினாலே 2.21 லட்சம். ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றுவதற்கு முன்பே நகைக்கடன் முழுதும் போய், இன்னும் 21,000 தேவைப்படும். டிங்கரிங், டயர், டீசல் பம்ப் சர்வீஸ் எல்லாம் அதற்குப் பிறகு.

தூத்துக்குடி வண்டி என்பதால் இன்னொன்று. உப்பளக் காற்று இரும்பை விட்டுவைக்காது. பின் ஸ்பிரிங் பட்டை வண்டியின் அடிச்சட்டமான சேஸியில் மாட்டும் இடத்தையும், சரக்குத் தொட்டிக்குக் கீழே குறுக்கே ஓடும் சட்டங்களையும் சின்னச் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். நல்ல இரும்பு கணீர் என்று சொல்லும். உள்ளே அரித்த இரும்பு 'பொத்' என்று செத்த சத்தம் கொடுக்கும். சேஸியில் மட்டும் புதிதாகக் கறுப்புப் பெயின்ட் கெட்டியாக அடித்திருந்தால், அதன் கீழே என்ன மறைகிறது என்று கேட்காமல் நகராதீர்கள். உங்கள் 206-க்கும் இதே சோதனையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை செய்யுங்கள். உப்பளப் பக்கம் போய்வந்த அன்றைக்கே அடிப்பாகத்தை நல்ல தண்ணீர் அடித்துக் கழுவிவிடுங்கள். காசு செலவில்லாத, ஆனால் அதிகக் காசு மிச்சப்படுத்துகிற வேலை அதுதான்.

உதிரிக்கு வைத்துக்கொள்ளலாம் என்ற யோசனை கேட்க நன்றாக இருக்கும். டாடா மொபைல் 1988-ல் வந்தது. அதன் அடித்தளத்தில்தான் பிறகு டாடாவின் சியரா, எஸ்டேட் கார்கள் வந்தன. அதே 1,948 சி.சி. டீசல் இன்ஜின் குடும்பம் 1994-ல் வந்த சுமோவிலும் ஓடியது. அதனால் இன்ஜின் சாமான்களுக்கு ஒரு முழு வண்டியை வாங்கி நிறுத்த வேண்டிய அவசியமே இல்லை. சுமோ ஓடிய ஊர் எல்லாவற்றிலும் கேஸ்கெட், பிஸ்டன் செட், நாசில் தேடலாம். அங்கே கிடைக்காதது சென்னை புதுப்பேட்டையில் கிடைக்க வாய்ப்பு அதிகம். முழு வண்டி வாங்கினால் மட்டும் சுலபமாகக் கிடைப்பது கதவு, டெயில் கேட், டாஷ்போர்டு போன்ற உடல் சாமான்கள். அதற்காக 1.60 லட்சமா? தவிர, பதிவில் இருக்கிற வண்டியை நாமே வெட்டிப் பிரித்துவிட்டு விஷயத்தை முடித்துவிட முடியாது. வண்டி இனி ஓடாது என்று ஆனதும் 14 நாளுக்குள் ஆர்.டி.ஓ.வுக்குத் தெரிவித்துப் பதிவை ரத்து செய்ய வேண்டும் என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு. அதைச் செய்யாமல் விட்டால், கொல்லையில் துருப்பிடித்து நிற்கிற வண்டி ஏட்டில் உங்கள் பெயரில் உயிரோடு இருக்கும்.

சீர் செய்து விற்பதில் லாபம் வந்தாலும் வரலாம். ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்த வண்டியை விற்றால் வருமான வரிச் சட்டத்தில் அது மூலதனச் சொத்தாகாது. லாபத்துக்கு வரி கிடையாது, நஷ்டத்தைக் கழிக்கவும் முடியாது. விற்பதற்கென்றே வாங்கி, சீர் செய்து, விற்றால் அது தொழில் வருமானம். விற்கும்போது உரிமை மாற்றத்துக்கான 29, 30 படிவங்களில் கையெழுத்தை மட்டும் போட்டுக் கொடுத்துவிட்டு வராதீர்கள். பதிவுச் சான்றான ஆர்.சி.யில் பெயர் மாறும் வரை, விபத்து நடந்தால் ஏட்டில் உள்ளவர்தான் உரிமையாளர் என்று உச்ச நீதிமன்றம் 2018-ல் தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

'வின்டேஜ்' பற்றி. 2021 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய வண்டிக்குத்தான் அந்தப் பெயர். உங்கள் 1994 வண்டிக்கு அது 2044-ல்தான் வரும். அப்போதும் வராமல் போகலாம். ஏனென்றால் அந்த விதி இருசக்கர வாகனங்களையும், ஆள் ஏற்றும் எம்1 வகை நான்கு சக்கர வாகனங்களையும்தான் சொல்கிறது; சரக்குத் தொட்டியோடு வரும் பிக்கப் என்1 வகை. அந்தப் பதிவு பெற்ற வண்டியை அன்றாடம் ஓட்டவும் கூடாது. ஆகவே விலை ஏறும் என்ற நம்பிக்கையைக் கணக்குப் புத்தகத்திலிருந்து எடுத்துவிடுங்கள். உங்கள் 206 ஒரு செலவு. மனதுக்கு நிறைவு தருகிற செலவு. அப்படிச் சொல்லிக்கொள்வதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

லோடு அடிப்பதை இன்றோடு நிறுத்துங்கள். இதை மட்டும் நான் கெஞ்சிக் கேட்கிறேன். சொந்த உபயோகப் பதிவிலும் காப்பீட்டிலும் இருக்கிற வண்டியில் வாடகைக்குச் சரக்கு ஏற்றிப் போகும்போது யாராவது அடிபட்டால், காப்பீட்டு நிறுவனம் பாதிக்கப்பட்டவருக்கு இழப்பீட்டைக் கொடுத்துவிட்டு, நிபந்தனையை மீறினீர்கள் என்று அந்தத் தொகையை உங்களிடம் வசூலிக்க வழி இருக்கிறது. உயிரிழப்பு வழக்குகளில் அது பல லட்சம். 1,500 ரூபாய் வாடகைக்கு வீட்டையே பணயம் வைக்கிறீர்கள்.

சரி, 206-ஐ எப்படி வைத்துக்கொள்வது? 'ஒன்றரை லட்சம் செலவாகியிருக்கலாம்' என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த 'இருக்கலாம்' எனக்குப் பிடிக்கவில்லை. ஒரு சாயங்காலம் உட்கார்ந்து, 2021 முதல் ஜிபே, வங்கி விவரங்களை எடுத்து வண்டிக்குப் போனதை மட்டும் கோடிட்டுக் கூட்டுங்கள். உதிரிக் கடையில் ரொக்கமாகக் கொடுத்ததையும் ஞாபகப்படுத்தி எழுதுங்கள். தொகை இரண்டு லட்சத்தைத் தாண்டினால் ஆச்சரியப்பட மாட்டேன்.

பிறகு வண்டிக்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கு. சம்பளம் வந்த மறுநாள் 3,500 அதற்குத் தானாகப் போகட்டும். 1,500 சி.சி.க்கு மேற்பட்ட சொந்த வண்டிக்கு மூன்றாம் நபர் காப்பீடு, 2022-ல் அறிவித்த விகிதப்படி, 7,897. 18 சதவீத ஜி.எஸ்.டி. சேர்த்தால் 9,300 சொச்சம். பதிவுப் புதுப்பிப்பு உங்களுக்கு 2009, 2014, 2019, 2024 என்று வந்திருக்கும், அடுத்தது 2029. 20 ஆண்டு தாண்டிய இலகு வாகனத்துக்கு அந்தக் கட்டணம் 2025 ஆகஸ்டில் 10,000 ஆகிவிட்டது. அதாவது வருடத்துக்கு 2,000 ஒதுக்க வேண்டும். தேதி தவறினால் மாதம் 500 கூடுதல். காலாவதிக்கு 60 நாள் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். புகைச் சான்றும் சேர்த்தால் காகிதச் செலவு மாதம் ஆயிரத்தை ஒட்டி வரும். மீதி 2,500, வருடத்துக்கு 30,000, ரிப்பேருக்கு. அந்தக் கணக்கில் பணம் இருக்கும் அளவுக்குத்தான் வேலை எடுக்க வேண்டும். பிரேக், ஸ்டீயரிங், கூலிங் மூன்றும் முதலில். பெயின்டும் சீட்டும் கடைசியில். டீசலுக்கு, மாதம் 200 கிலோமீட்டர் ஓட்டினால் 1,700 ரூபாய்போல ஆகும்.

இவை போக 4,300 மிஞ்சும். அது அவசர நிதிக்கு. உங்கள் 1.40 லட்சம் மூன்று மாதச் செலவுக்குக்கூடச் சரியாக இல்லை, எஸ்.ஐ.பி. நீங்கலாக ஆறு மாதச் செலவான 2.85 லட்சம் ஆகும் வரை நிறுத்தாதீர்கள். மகளின் கல்லூரிக்கென்று எஸ்.ஐ.பி.யில் சேர்த்த பணம் பங்கு சார்ந்த ஃபண்டில் இருந்தால், இரண்டு வருடத்துக்குள் தேவைப்படும் அளவைக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து ஆர்.டி.யிலோ டெபாசிட்டிலோ வையுங்கள். சந்தை இறங்கிய வாரத்தில்தான் கட்டணம் கட்ட நாள் குறிப்பார்கள் என்ற பயம் எனக்கு எப்போதும் உண்டு.

நீங்களே அடியில் படுத்து வேலை பார்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். பெரும்பாலான வீடுகளில் ஜாக்கை மட்டும் ஏற்றி, டயருக்கு ஒரு செங்கல்லைக் கொடுத்துவிட்டு உள்ளே நுழைகிறார்கள். ஜாக் எண்ணெய் கசிந்து இறங்க ஒரு நொடி போதும். செங்கல் பொடிந்துவிடும். அந்தப் புதுக் கணக்கில் விழும் முதல் 3,500-இல் நல்ல கனமான இரும்பு ஸ்டாண்டு ஒரு ஜோடி வாங்குங்கள். மற்றதெல்லாம் இரண்டாவது மாதத்திலிருந்து.