தமிழ் சினிமாவின் குணச்சித்திர நடிகர்களில் உங்களுக்கு மிகவும் பிடித்தவர் யார்? ஏன்?

டெல்லி கணேஷ். கேள்வியைப் பார்த்ததுமே மனதில் வந்த பெயர்.

கல்லூரி நாடகம் ஒன்றில் கல்யாண வீட்டு மாமாவாக நடித்தேன். முக்கால் மணி நேரம் மேடையில் இருக்க வேண்டும், எனக்கு வசனம் ஐந்தே வரி. மற்றவர்கள் பேசும்போது கையை எங்கே வைப்பதென்று தெரியாமல், தோளில் கிடந்த துண்டை மடிப்பதும் திரும்பப் போடுவதுமாக நின்றேன். பேசுவதைவிட, அடுத்தவர் பேசுவதைக் கேட்டு நிற்பது எவ்வளவு கஷ்டம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அப்புறம் டெல்லி கணேஷ் நடித்த படங்களை மறுபடி பார்த்தபோது, அவர் சும்மா நிற்கிற இடங்கள்தான் கண்ணில் பட்டன.

'சிந்து பைரவி' (1985) படத்தில் அவர் மிருதங்க வித்வான் குருமூர்த்தி. குடித்துவிட்டுக் கச்சேரிக்கு வந்ததற்காகப் பாடகர் ஜே.கே.பி (சிவகுமார்) அவரைக் கடிந்து வெளியே அனுப்புகிறார். அந்தக் காட்சியில் கோபமெல்லாம் சிவகுமாருக்கு. கணேஷுக்குக் கிடைத்தது கூனிக் குறுகுகிற உடம்பு மட்டும்தான். தப்பு தன்னுடையதுதான் என்று தெரிந்த மனிதனின் அவமானம் அது. பின்னால் அதே ஜே.கே.பி குடியில் விழும்போது நமக்கு அவ்வளவு வலிக்கிறதே, அதற்கு இந்த முகமும் ஒரு காரணம்.

தூத்துக்குடிப் பக்கத்து வல்லநாட்டுக்காரர் அவர். 1964 முதல் 1974 வரை விமானப்படையில் வேலை. டெல்லியில் தட்சிண பாரத நாடக சபா, சென்னைக்கு வந்த பிறகு காத்தாடி ராமமூர்த்தியின் குழு என்று நாடகத்திலேயே ஊறியவர். 1977-ல் 'பட்டினப் பிரவேசம்' படத்தில் கே.பாலசந்தர் அவரை அறிமுகப்படுத்தினார். பெயருக்கு முன்னால் 'டெல்லி' சேர்த்ததும் அவர்தான். அதன் பிறகு நானூறு படங்களுக்கு மேல்.

வட்டாரப் பேச்சைப் பிடித்துக்கொள்கிற அவருடைய காதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 'மைக்கேல் மதன காம ராஜன்' (1990) படத்துப் பாலக்காடு மணி ஐயரை நினைத்துப் பாருங்கள். கல்யாணச் சாம்பாரில் மீன் விழுந்துவிட, சமையல்கார அப்பாவும் மகனும் தவிக்கிற தவிப்பு! கமலுக்கு ஈடுகொடுக்கிறார், ஆனால் ஒரு இடத்தில்கூட முந்திக்கொண்டு போவதில்லை. பேசுவது பாலக்காட்டுத் தமிழ். திருநெல்வேலிச் சீமையில் பிறந்தவர் என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள்.

இப்படி ஐயர் வேடங்களிலேயே அவரை நிறுத்திவிட்டார்களே என்ற வருத்தம் எனக்கு உண்டு. ஏனென்றால், துரை இயக்கிய 'பசி' (1979) படத்தில் அவர் சென்னைக் குடிசைப் பகுதியின் ரிக்‌ஷாக்காரர், ஷோபாவின் அப்பா. அதற்குத் தமிழக அரசின் சிறப்புப் பரிசு கிடைத்தது. 1994-ல் கலைமாமணி. தேசிய விருது கடைசி வரை வரவில்லை. 2024 நவம்பர் 9-ம் தேதி இரவு, 80 வயதில் காலமானார்.

'பசி' எங்கே கிடைத்தாலும் விடாமல் பாருங்கள். ஷோபா பேசுகிற இடங்களில் ஒரு முறையாவது அவரை விட்டுவிட்டு, பக்கத்தில் இருக்கும் அந்த அப்பாவை மட்டும் பாருங்கள்.